வெள்ளைக் காகம் வாங்காத ஏழு குடைகள்

அத்தியாயம் 3

சென்ற அத்தியாயத்தில் காணாமல் போன பூனை கிடைத்துவிட்டது. கிடைத்த பூனை, தன்னைக் கண்டுபிடித்தவன் மூக்கில் நன்றியை நாலு கோடாகக் கீறிவிட்டுப் போனது. ஆகவே இந்த அத்தியாயம் முழுக்க வெத்துவேட்டு மூக்கில் பிளாஸ்திரியோடுதான் வருவான். பூனைக்கு இனி வேலை இல்லை.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணி. நாளிதழ் அலுவலகத்தின் வரவேற்பறைச் சுவரோரம் ஏழு கறுப்புக் குடைகள் வரிசையாகச் சாய்ந்து நின்றன. பிரிக்காத உறை. கைப்பிடியில் தொங்கும் சீட்டு. ஏழு சீட்டிலும் ஒரே பெயர்: வெள்ளைக் காகம்.

“ஏழு குடை சொந்தமா இருந்தும் ஒரு காகம் வெயில்ல சுத்துது அண்ணி. என்ன கஞ்சத்தனம்!” என்றான் வெத்துவேட்டு.

அண்ணி குனிந்து ஒரு சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். அண்ணி என்பதை ஊர் ஒரு பட்டமாகவே நினைத்துக்கொண்டிருந்தது. உண்மையில் அந்த உறவு ஒருவனுக்குத்தான். வெத்துவேட்டு அவள் கணவனின் தம்பி. துப்பறிய வருமுன் இருபது வருடம் அவள் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் தீ விபத்துகளைப் பார்த்தவள். கடை எரிந்துபோனது என்று அழுதுகொண்டு வருகிறவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து, கண் துடைக்கத் துணி கொடுத்து, “சரக்கை முந்தின நாள் எந்த வண்டியில ஏத்தினீங்க?” என்று கேட்பாள். பாதிப் பேர் வண்டி நம்பரையே சொல்லிவிடுவார்கள்.

“குறுக்கெழுத்துல ஜெயிச்சவங்க நேர்ல வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கணும்மா,” என்றார் வாசல் காவலர். “இது ஏழு வாரமா நிக்குது. யாரும் தொடக் கூடாதுன்னு உத்தரவு. முந்தாநாள் மழையில குடைக்குக் காவல் இருந்துட்டு நான் நனைஞ்சுக்கிட்டே வீட்டுக்குப் போனேன்.”

அண்ணிக்குப் பக்கத்தில் நின்று நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தவர்தான் அவளை வரவழைத்தவர். அந்த நாளிதழில் எட்டு வருடமாகச் சனிக்கிழமைக் குறுக்கெழுத்து அவர் பெயரில்தான் வருகிறது. புனைபெயர் மகாமூளை. தடித்த கண்ணாடி. தாடையில் இரண்டு விரலை ஊன்றிக்கொண்டு பேசும் வழக்கம். ஏழெட்டு வாரத்துக்கு முன் அவருடைய பேட்டியும் அந்தப் போஸில் ஒரு படமும் வெளிவந்தன. அதற்குப் பிறகு விரலை எடுப்பதே இல்லை.

“நடந்ததை இன்னொரு தடவை சொல்லுங்க,” என்றாள் அண்ணி.

“என் புதிர் சாதாரணப் புதிர் இல்லம்மா. ப்ரொஃபசருங்களே மத்தியானம் வரைக்கும் தலையைப் பிச்சுக்குவாங்க. பேப்பர் காலையில அஞ்சரைக்கு வீட்டுக்குப் போகுது. எட்டு மணிக்கு இங்க வாசகர் பெட்டியைத் திறந்தா, வெள்ளைக் காகத்தோட முழு விடை உள்ள கிடக்குது! ஒரு அடித்தல் கிடையாது, திருத்தல் கிடையாது. ஏழு வாரமா இதே கதை. விடை வெளிய கசியுதுன்னு ஆசிரியர் முடிவு பண்ணிட்டார். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள ஆளைக் காட்டலைன்னா புதிரை நிறுத்திடுவார். அந்த இடத்துல நிரந்தரமா மெத்தை விளம்பரம். என் எட்டு வருஷப் பேரு, மெத்தைக்கு அடியில போயிடும்.”

அப்போது மாடிப்படியில் ஆசிரியர் இறங்கி வந்தார். நாற்பது வருடம் தலைப்பு எழுதி எழுதி, வாயும் அப்படியே ஆகிவிட்ட மனிதர்.

“புதிரில் கசிவு. வாசகர் கொதிப்பு. ஐந்து மணி கெடு,” என்றார். வெத்துவேட்டின் முகத்தைப் பார்த்து, “மூக்கில் காயம். காரணம் மர்மம்,” என்று சேர்த்துவிட்டு வெளியே போனார்.

“சார் முழுசாப் பேசமாட்டாரா?” என்றான் வெத்துவேட்டு.

“வீட்ல பேசுவாராம்,” என்றார் காவலர்.

அண்ணி வாசகர் பெட்டியைத் தட்டிப் பார்த்தாள். தகரப் பெட்டி. நல்ல பூட்டு. “காலையில இதுக்குப் பக்கத்துல யாரெல்லாம் வர்றாங்க?”

“ஏழு மணிக்கு நான் வந்துதான் வாசலைத் திறப்பேன். எட்டு வரைக்கும் ரெண்டே பேருதான். கூட்டிப் பெருக்குற அம்மா. அப்புறம் நம்ம மகாமூளை சார். சார் சனிக்கிழமை ஆனா ஒரு சாக்கடைக் கடிதம் போடுவாரு.”

“என்ன கடிதம்?”

மகாமூளை சிரித்தார். “எங்க தெருச் சாக்கடை பத்தி ஆசிரியருக்குக் கடிதம்மா. வீட்ல எழுதி ஒட்டிக் குடுப்பாங்க, வர்ற வழியில போடுவேன். குடிமகன் கடமை.”

“அச்சுல வந்துதா?”

“இதுவரைக்கும் ஒண்ணுகூட வரலை. பத்திரிகை நடத்துற லட்சணம் அப்படி. அதை விடுங்க, திருடன் மாடியில இருக்கான். விடையைப் பாக்குறது உலகத்துல ரெண்டே பேரு. நானும் பக்கம் கட்டுற லே-அவுட்காரனும். நான் இல்ல!”

கணக்கு சரியாகத்தான் இருந்தது. இரண்டு பேரில் ஒருவர் கழிந்தால் மீதி ஒருவர். ஆனால் அண்ணி, விற்பவனே நிறுத்துக் கொடுக்கும் எடையை நம்புகிறவள் இல்லை.

*

லே-அவுட்காரர் ஒரு கம்ப்யூட்டருக்கும் இரண்டு தொலைபேசிக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒரு தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. இன்னொன்றை அவர் தலையணை உறைக்குள் போட்டுக் கட்டியிருந்தார்.

“நூத்தி நாப்பது பேரும்மா! காலையிலேர்ந்து நூத்தி நாப்பது பேரு திட்டியாச்சு,” என்றார். “நேத்து ராத்திரி கடைசி நிமிஷத்துல மெத்தை விளம்பரம் வந்துச்சு. இடம் இல்ல. கட்டத்தைப் புடிச்சு லேசா இழுத்தேன். ஒரு கறுப்புச் சதுரம் வெளுத்துப்போச்சு. கீழே ரெண்டு கேள்வி பக்கத்தை விட்டே விழுந்துடுச்சு. நான் கவனிக்கலை.”

“கேள்வியைப் படிச்சுப் பாக்கமாட்டீங்களா?”

“நான் எதுக்குப் படிக்கணும்? பெட்டி கட்டுறவன் உள்ளே இருக்கிற மாம்பழத்தைத் தின்னு பாக்கணுமா? இத்தனை செ.மீ. அகலம், இத்தனை உயரம். எனக்குப் புதிரும் ஒண்ணுதான், மரண அறிவிப்பும் ஒண்ணுதான்.”

“பொய்!” என்றார் மகாமூளை.

“உண்மைதான் சார்,” என்றாள் அண்ணி. “படிச்சு விடையை வித்திருந்தா, ரெண்டு கேள்வி விழுந்தது அவருக்குத்தான் முதல்ல தெரிஞ்சிருக்கும். தன் கடைப் பலகையைத் தானே உடைப்பாரா?” கையை நீட்டினாள். “வெள்ளைக் காகம் இன்னிக்கு என்ன அனுப்பியிருக்கு?”

லே-அவுட்காரர் ஒரு கோப்பிலிருந்து கத்தரித்த புதிரை எடுத்துக் கொடுத்தார். கட்டங்கள் முழுக்கக் குண்டுமணி போன்ற எழுத்துகள். அண்ணி கீழ்மூலையைப் பார்த்தாள்.

“விழுந்துபோன கேள்வி எது எது?”

“மேலிருந்து கீழ், இருபத்து மூணும் இருபத்து நாலும். ரெண்டுமே மூணு எழுத்து. விடை ‘பல்லி’, ‘நத்தை’,” என்று விடைத்தாளைப் பார்த்துச் சொன்னார் லே-அவுட்காரர்.

“இங்கேயும் பல்லி, நத்தைதான் இருக்கு.”

வெத்துவேட்டு எட்டிப் பார்த்தான். “அக்கம்பக்கத்து எழுத்தை வச்சு ஊகிச்சிருக்கலாமே அண்ணி?”

“முதல் எழுத்து மட்டும்தான் இன்னொரு விடையில மாட்டுது. ‘ப’ல ஆரம்பிக்கிற மூணு எழுத்துச் சொல்லு.”

“பந்து, பழம், பட்டு, பஞ்சு, பல்லு...”

“போதும். இருபது கடை இருக்கிற தெருவுல, பலகை இல்லாம நேரா ஒரே கடைக்குள்ள நுழைஞ்சிருக்கு இந்தக் காகம். அச்சுல இல்லாத கேள்விக்கு விடை தெரிஞ்சிருக்கு.”

“அப்ப திருட்டுதான்!” மகாமூளை மேஜையைத் தட்டினார். உறைக்குள் இருந்த தொலைபேசி பயந்து ஒருமுறை அடித்து நின்றது.

அண்ணி தன் கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். வெளுத்துப்போன அந்த ஒற்றைச் சதுரத்தை வெள்ளைக் காகம் சும்மா விட்டிருக்கவில்லை. மெல்லிய பேனாவால், அளவுகோல் வைத்து, முடி கனத்தில் சாய்வுக் கோடுகள் இழுத்து நிரப்பியிருந்தது. ஒரு கோடுகூட எல்லை தாண்டவில்லை. கட்டத்துக்கு வெளியே வலது ஓரத்தில் அரிசி அளவுக்கு ஒரு அம்பு. அம்பின் தலையில் ஒரு ‘வ’.

“தம்பி, ஒரு திருடன் ஒரு வீட்டுக்குள்ள நுழையறான். உள்ளே சுவத்துல ஒரு இடத்துல காரை பேந்திருக்கு. என்ன பண்ணுவான்?”

“நம்ம வீடா இருந்தா, பாவப்பட்டு எதாச்சும் வச்சுட்டுப் போவான்.”

“காரை பூசிட்டுப் போவானா?”

“அவனுக்கென்ன பைத்தியமா? அது வீட்டுக்காரன் தலையெழுத்து.”

அண்ணி லேசாகச் சிரித்தாள். “சரக்கு வேணாம், பில்லு மட்டும் குடுங்கன்னு எவனாவது கடையில கேப்பானா?”

“அதுவும் கேக்கமாட்டான். எதுக்கு அண்ணி?”

“கீழே ஏழு குடை நிக்குதே, அதுக்கு.” லே-அவுட்காரர் பக்கம் திரும்பினாள். “மகாமூளை சார் கையால குடுக்கிற ஒரிஜினல் தாளெல்லாம் வச்சிருக்கீங்களா?”

இழுப்பறையில் எட்டு வருடத் தாள்கள் கட்டுக்கட்டாக இருந்தன. ஒவ்வொன்றிலும் நூல் பிடித்தது போன்ற கோடுகள், கறுப்புச் சதுரங்களில் சாய்வு இழைகள். ஒவ்வொன்றின் வலது ஓரத்திலும் அரிசி அளவு அம்பு, தலையில் ‘வ’.

“‘வணக்கம்’னு எழுத வந்து பாதியில நிறுத்திட்டாரோ?” என்றான் வெத்துவேட்டு.

“சார், இது என்ன குறி?” என்று அண்ணி கேட்டாள்.

மகாமூளை தாடையில் விரலை ஊன்றினார். எடுத்தார். மறுபடி ஊன்றினார்.

“அதுவா? அது... வலிமை. புதிரோட வலிமை மேல்நோக்கிப் போகுதுன்னு காட்டுறது. எங்க தொழில்ல வைக்கிற குறி.”

“நல்ல குறி,” என்றாள் அண்ணி. “உங்க வீட்டு விலாசம் சொல்லுங்க.”

“வீட்ல யாரும் இல்லையே! மனைவி வேலைக்குப் போயிருக்கா. அவ அம்மா, எங்க அத்தை மட்டும்தான் இருப்பாங்க.”

“அத்தை என்ன பண்றாங்க?”

“ரிட்டயர் ஆனவங்க. சும்மாதான் இருக்காங்க.”

அதைச் சொன்னபோது அவர் குரலில் இருந்த அவசரத்தை, அண்ணி மனதுக்குள் ஒரு முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டாள்.

*

அண்ணியின் ஸ்கூட்டர் மேட்டில் ஏறும்போது இருமும், இறக்கத்தில் பாடும். இரண்டுக்கும் நடுவில்தான் பேச முடியும்.

“‘வ’ன்னா வடக்கு தம்பி!” என்று அண்ணி முன்னாலிருந்து கத்தினாள். “எரிஞ்ச கடையோட வரைபடம் ஆயிரம் பாத்திருக்கேன். ஓரத்துல வடக்கு எந்தப் பக்கம்னு காட்டுற அம்பு இருக்கும்.”

“குறுக்கெழுத்துக்கு வடக்கு எதுக்கு அண்ணி? பத்தாம் நம்பர்லேர்ந்து பதினொண்ணுக்குப் போறவன் வழி தெரியாம வேற ஊருக்குப் போயிடுவானா?”

“எதுக்குமே இல்ல. அதான் விஷயம். வாழ்நாள் முழுக்க நிலப்படம் வரைஞ்ச கைக்கு, வடக்கு போடாம ஒரு தாளைக் கீழே வைக்க முடியாது. தும்மல் மாதிரி. மகாமூளை என்ன வேலை பாத்தவர்?”

“பேட்டியில போட்டிருந்துச்சே. டைல்ஸ் கடையில சேல்ஸ்மேன்.”

“அவருக்கு அந்தக் குறி என்னன்னே தெரியலை. தன் கையால போட்ட குறிக்கு ஒரு மனுஷன் அர்த்தம் தேடினதைப் பாத்தியா?”

ஸ்கூட்டர் இறக்கத்தில் பாட ஆரம்பித்தது. வெத்துவேட்டு யோசித்து முடித்தபோது வீடே வந்துவிட்டது.

கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ‘அழைப்பு மணி பழுது. தட்டவும்.’ எழுத்துகள் குண்டுமணி. சுற்றிலும் சீரான கட்டம். வலது ஓரத்தில் அரிசி அளவு அம்பு. தலையில் ‘வ’.

“வடக்குப் பாத்து தட்டணுமா அண்ணி?” என்றான் வெத்துவேட்டு.

கதவைத் திறந்தவர் ஒல்லியாக, உயரமாக இருந்தார். காதில் பென்சில். விரல் நுனியில் மைக்கறை. வெத்துவேட்டின் பிளாஸ்திரியைப் பார்த்ததும் முதல் கேள்வி கேட்டார்: “நேரா ஒட்டலையா? ஒரு பக்கம் தூக்கியிருக்கே.”

உள்ளே உணவு மேஜையில் சாப்பாட்டுக்கு இடமே இல்லை. நாலு மூலையிலும் கிளிப் போட்டு ஒரு பெரிய தாள் விரித்திருந்தது. பாதி நிரம்பிய குறுக்கெழுத்துக் கட்டம். அடுத்த சனிக்கிழமைத் தேதி. பக்கத்தில் அளவுகோல், மைப்பேனா, ஆறிப்போன டீ.

அண்ணி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். “சர்வே ஆபீஸ்ல எத்தனை வருஷம் படம் வரைஞ்சீங்க அத்தை?”

அத்தை அவளை ஒருமுறை அளந்து பார்த்தார். பழைய சர்வே ஆபீஸ் அளவை. ஒரு அங்குலம் தப்பாது.

“முப்பத்தோரு வருஷம். எப்படித் தெரிஞ்சுது?”

“அம்போட தலையில இருக்கிற ‘வ’ சொல்லிச்சு. புதிரே உங்களோடதுன்னு பல்லியும் நத்தையும் சொல்லிச்சு. அதைவிட, இன்னிக்கு வெளுத்துப்போன ஒரு சதுரத்தை நீங்க விட்டிருக்கலாம். விடலை.”

“எப்படிம்மா விடுறது?” அத்தையின் குரல் உயர்ந்தது. “ஒரு வாரமா கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டு நான் கட்டினது! காலையில பேப்பரைப் பிரிச்சா, நடுமுதுகுல ஓட்டை. கை சும்மா இருக்குமா?”

வெத்துவேட்டு வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தான். “அப்ப வெள்ளைக் காகம் விடையைத் திருடலை.”

“தன் வீட்டுக்குள்ள தானே எப்படித் திருடுறது?” என்றாள் அண்ணி. “எட்டு வருஷமா புதிர் போடுறதே இவங்கதான். மகாமூளை சார் அதைத் தூக்கிட்டுப் போறவர்.”

அத்தை மறுக்கவில்லை. அலமாரியிலிருந்து ஒரு நாளிதழ்ப் பக்கத்தை எடுத்து மேஜையில் போட்டார். தாடையில் இரண்டு விரலோடு மகாமூளை. கீழே கொட்டை எழுத்தில்: ‘குளிக்கும்போதுதான் எனக்குப் புதிர் தோன்றும்!’

“‘அடுத்த மாசம் உங்க பேரைப் போடச் சொல்றேன் அத்தை’ன்னு எட்டு வருஷமாச் சொன்னாரு மாப்பிள்ளை. சரி, கூச்சப்படுறாரு, போகட்டும்னு விட்டேன். ஆனா இதைப் படிச்சதும் எனக்குப் பொறுக்கலை. எட்டு வருஷத்துல அவருக்குக் குளிக்கிறப்ப தோணினது ஒண்ணே ஒண்ணு, சோப்பு தீந்துபோச்சுங்கிறது. அதையும் கத்தித்தான் சொல்லுவாரு.”

“அதான் வெள்ளைக் காகமா?”

“திங்கக்கிழமை பேப்பர்ல மூணாம் பக்கத்துல ஒரு வரி வரும், ‘முதலில் சரியாக விடுவித்தவர்: வெள்ளைக் காகம்’னு. அந்த ஒரு வரிக்காகத்தான். அவரு பேரு எட்டு வருஷம் மேல வந்துச்சு. என் பேரு ஏழு வாரம் கீழே வந்துச்சு. குடையை வச்சு நான் என்ன பண்ண, வெளிய போறதே இல்ல.”

“கவரைக் கொண்டுபோய்ப் போட்டது யாரு?” என்றான் வெத்துவேட்டு. கேட்ட மறுநொடி அவனுக்கே விளங்கிவிட்டது. “ஐயோ! சாக்கடைக் கடிதம்!”

“சாக்கடை பத்தின கடிதம்னு சொன்னா மாப்பிள்ளை பிரிச்சுப் பாக்கமாட்டாரு,” என்றார் அத்தை அமைதியாக.

அண்ணி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றே முக்கால். “அத்தை, வீட்ல உங்ககிட்ட ஒண்ணு சொல்லியிருக்கமாட்டாங்க. விடை கசியுதுன்னு நினைச்சு, இன்னிக்கு அஞ்சு மணிக்குப் புதிரை நிறுத்தப்போறாங்க. நிரந்தரமா.”

அத்தையின் கை மேஜையிலிருந்த அடுத்த வாரத் தாளைத் தேடிப் போய், அதன்மேல் அப்படியே படிந்தது.

“நிறுத்திடுவாங்களா? அப்ப இதை நான் எங்க கொண்டுபோய்க் குடுக்கிறது?”

அப்போதுதான் வாசலில் டாக்ஸி வந்து நின்றது. மகாமூளை உள்ளே ஓடி வந்தார். அண்ணி உட்கார்ந்திருப்பதையும் மேஜையில் பேட்டி விரிந்திருப்பதையும் பார்த்தார். தாடையிலிருந்த விரலை எடுத்து, வாழ்க்கையில் முதல்முறையாகத் தலையில் வைத்தார்.

“அத்தை! நீங்களா காகம்?”

“நீங்களா மூளை?” என்றார் அத்தை.

*

இனி நடந்தது துப்பறிதல் அல்ல, வியாபாரம். அண்ணி நடுவில் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். கெடுவுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. நல்ல பேரத்துக்கு அதுவே அதிகம்.

“பேரு போட்டாத்தான் இந்தத் தாள் இந்த வீட்டை விட்டு வெளிய போகும்,” என்றார் அத்தை. “பதினாலு பாயிண்ட் எழுத்துல. இப்ப உங்க பேரு வர்ற அளவு.”

“போடலாம் அத்தை, போடலாம். என் பேருக்குக் கீழே, எட்டுப் பாயிண்ட்ல.”

“எட்டா? மாத்திரை டப்பாவுல பின்விளைவு அச்சடிக்கிற எழுத்து அது!”

“சரி, பத்து.”

“நான் எழுந்துக்கறேன்,” என்று அத்தை எழுந்தார். மகாமூளை பதறிப்போய் அவரை உட்காரவைத்தார். பழகிய வாடிக்கையாளர் கடைப்படியில் ஒரு காலை இறக்கிக் காட்டும் அதே வித்தைதான்.

“பன்னெண்டு! ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல!”

“பதினாலு. தனியா.”

“அப்ப எனக்கு?”

“‘சரிபார்ப்பு’ன்னு போட்டுக்கங்க.”

“சரிபாக்க எனக்கு என்ன அத்தை தெரியும்?”

“அதனாலதான் எட்டுப் பாயிண்ட்.”

மகாமூளை அண்ணியைப் பார்த்தார். “நான்தானேம்மா உங்களுக்குக் கேஸ் குடுத்தேன்? நீங்க என் பக்கம்தானே பேசணும்?”

“கசிவைக் கண்டுபிடிக்கச் சொன்னீங்க, கண்டுபிடிச்சாச்சு. கவரைப் பெட்டியில போட்டது நீங்க. ஆசிரியர்கிட்ட அப்படியே சொல்லட்டுமா?”

மகாமூளை எட்டுப் பாயிண்ட்டில் தலையாட்டினார்.

*

நாலு இருபத்தைந்துக்கு நாலு பேரும் லே-அவுட்காரர் மேஜையைச் சுற்றி நின்றார்கள். ஆசிரியர் எல்லாவற்றையும் கேட்டு முடித்து ஒரே சொல் சொன்னார்.

“ஆதாரம்?”

“வடக்கு அம்பு இருக்கு, சாய்வுக் கோடு...” என்று வெத்துவேட்டு ஆரம்பித்தான்.

“பழங்கதை. புதுச் சான்று தேவை.”

“நாளைக்கு ஞாயித்துக்கிழமை,” என்றாள் அண்ணி. “இன்னிக்குப் பாழாப்போன புதிருக்குப் பதிலா ஒண்ணு போட்டே ஆகணும், நூத்தி நாப்பது பேரு திட்டியிருக்காங்க. இங்கேயே, உங்க கண் முன்னால புதுசா ஒண்ணு போடச் சொல்லுங்க. ரெண்டு பேரையும்.”

இரண்டு வெள்ளைத் தாள்கள் வந்தன. மகாமூளை தாளைப் பார்த்தார். தாள் அவரைப் பார்த்தது. பிறகு மெதுவாகக் கேட்டார்: “இங்க குளியலறை இருக்கா?”

அத்தை தாளைத் தொடாமல் லே-அவுட்காரரைக் கேட்டார். “இடம் எவ்வளவு தம்பி?”

“இடமே இல்லம்மா. மெத்தை விளம்பரம் நாளைக்கும் உண்டு. பக்கத்துக்கு நட்டநடுவுல வேணுமாம். நகர்த்தக் கூடாதாம்.”

“எத்தனை சதுரம் அடைக்கும்?”

“அஞ்சுக்கு மூணு.”

“அப்படியே நடுவுல இருக்கட்டும். கட்டத்தை அதைச் சுத்திக் கட்டுறேன். கறுப்பா ஒரு சதுரம் இருக்கிற இடத்துல மெத்தை இருந்தா எழுத்துக்கென்ன வலிக்குமா?”

அளவுகோல் இறங்கியது. சரக், சரக் என்று கோடுகள். பேனா நிற்கவே இல்லை. நடுவில் ஒருமுறை “வீட்டுக்குப் போற வழியில சோப்பு வாங்கணும்” என்று மட்டும் சொன்னார். நாலு ஐம்பத்திரண்டுக்குப் பேனாவை மூடினார். பிறகு திடுக்கிட்டு மறுபடி திறந்து, வலது ஓரத்தில் அரிசி அளவுக்கு ஒரு அம்பு போட்டு, தலையில் ‘வ’ எழுதினார்.

லே-அவுட்காரர் அந்த அம்பைப் பார்த்தார். இழுப்பறையைத் திறந்து எட்டு வருடத் தாளைப் பார்த்தார். “இதேதான் சார்,” என்றார்.

ஆசிரியர் தாளை வாங்கிப் பார்த்தார். அவர் உதடு அசைந்தது. கேள்விகளைப் போட்டுப் பார்க்கிறார் என்று தெரிந்தது. ஏழாவது கேள்வியில் சிக்கிக்கொண்டார் என்பதும் தெரிந்தது.

“மெத்தையைச் சுற்றிப் புதிர். மாமியார் சாதனை. கெடு ரத்து,” என்றார். பிறகு, அலுவலகம் அதுவரை கேட்டிராத விதமாக ஒரு முழு வாக்கியம் பேசினார்: “அடுத்த வாரமும் கொடுத்துடுங்கம்மா.”

பக்கம் ஐந்து மணிக்கு அச்சுக்குப் போனது. ‘அமைப்பு: வெள்ளைக் காகம்’, பதினாலு பாயிண்ட்டில். கீழே, கண்ணாடி போட்டால் தெரியும் அளவில், ‘சரிபார்ப்பு: மகாமூளை’.

*

கீழே இறங்கியபோது வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

அத்தை வரவேற்பு மேஜையில் ஏழு கையெழுத்துப் போட்டார். ஏழுக்கும் பக்கத்தில் சின்ன அம்பு. ஒரு குடையைத் தான் எடுத்துக்கொண்டு, ஒன்றை அண்ணியிடமும், ஒன்றை வெத்துவேட்டிடமும், ஒன்றைக் காவலரிடமும் கொடுத்தார். காவலர் அதை விரிக்காமல், நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

“இன்னும் மூணு இருக்கே,” என்றார் மகாமூளை.

“உங்களுக்கு ஒண்ணு. மத்தது வீட்டுக்கு.”

மகாமூளை குடையை விரித்தார். மறு கையில் லே-அவுட்காரர் கொடுத்த புதுப் புதிரின் பிரதி இருந்தது. எட்டு வருடத்தில் முதல்முறையாக, கூடவே விடைத்தாள் இல்லாத புதிர். குடைக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு முதல் கேள்வியைப் படித்தார்.

“இடமிருந்து வலம், ஒண்ணு. ‘ஒரு வேலையும் செய்யாமல் கூடவே வரும். மூன்று எழுத்து.’”

வெத்துவேட்டு உற்சாகமாக, “நிழ—” என்று தொடங்கினான். அண்ணி அவன் காலை மிதித்தாள்.

மகாமூளை படியில் நின்றபடி யோசித்தார். தாடையில் விரலை ஊன்றினார். குடை சரிந்து தோளில் தண்ணீர் ஒழுகியது. அத்தை அதற்குள் பாதி வாசலைத் தாண்டிவிட்டார்.

“அத்தை! அத்தை! முதல் கேள்விக்கு என்ன விடை?”

அத்தை திரும்பிப் பார்க்கவில்லை.

“குளிக்கிறப்ப தோணும் மாப்பிள்ளை.”